கரை யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூருக்குப் போய் வந்த நாளிலிருந்து, பார்க்கிறவர்களெல்லாம் என்னைக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்னென்ன பார்த்தீர்கள்?"

கேட்பதில் குற்றமில்லை. ஐந்து நாள் பிரயாணம் போய் வந்தவனிடம் வேறு என்னதான் கேட்பது? நானும் முதல் இரண்டு வாரம் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, மூன்று கட்டடங்களின் தலையில் ஒரு கப்பலைத் தூக்கி வைத்தாற்போல் நிற்கும் ஹோட்டலைப் பற்றியும், அதன் உச்சியிலே உள்ள நீச்சல் குளத்தைப் பற்றியும் நான் சொல்லச் சொல்ல, டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை மறந்து நின்றார். சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் மனசுக்குள் ஏதோ ஒன்று உறுத்தும். நான் உண்மையிலேயே பார்த்தது எதுவோ அதை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன் என்கிற உறுத்தல் அது. பார்த்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் பார்ப்பதை நானும் பார்த்த கதையைச் சொல்லி விடுகிறேன்.

இலக்கிய நண்பர்கள் சிலர் ஒரு கூட்டத்துக்காக அழைத்திருந்தார்கள். கூட்டம் சனிக்கிழமை மாலை. வெள்ளிக்கிழமையே என்னை ஒரு காரில் ஏற்றி, மரீனா பே என்கிற அந்தக் கரையோரப் பட்டணத்தைச் சுற்றிக் காட்டினார்கள். 2010ல் திறந்த அந்த ஹோட்டலுக்கு மூன்று கோபுரங்கள். ஒவ்வொன்றும் 55 மாடி. மூன்றையும் இணைத்து மேலே 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா. வரைந்தவர் மோஷே சாஃப்டி என்ற கட்டடக் கலைஞர். அதன் பின்னால் 2012ல் திறந்த கரையோரப் பூந்தோட்டம். அங்கே இரும்பாலும் கான்கிரீட்டாலும் செய்த 18 மரங்கள் நிற்கின்றன. உயரமானது 50 மீட்டர். கொடியைப் படரவிட்டு, மரம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு கண்ணாடி மாளிகைக்குள் குளிர் காற்றைச் செலுத்தி, மத்தியதரைக் கடல் நாட்டு ஆலிவ் மரத்தை வளர்க்கிறார்கள். வெளியே நம் ஊரைப் போலவே வெயில் கொளுத்துகிறது. உள்ளே நின்றால் மேல்துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஆகாயத்தில் 165 மீட்டர் உயரத்துக்குச் சுற்றுகிற ஒரு ராட்டினம். டூரியான் பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாற்போல் ஒரு கலை அரங்கம். தலை சிங்கமும் உடல் மீனுமாக, வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சுகிற மெர்லயன் சிலை.

பிரமிப்பாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? நாற்பது வயதைத் தாண்டிய ஓர் எழுத்தாளன், செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிங்கத்தின் வாய்த் தண்ணீரைத் தன் கைக்குள் விழுகிறாற்போல் படமெடுத்துக்கொண்டான் என்பது வாஸ்தவமே!

என் நண்பர் ஒருவர் சரித்திரம் தெரிந்தவர். அவர் சொன்ன ஒரு வார்த்தை என் பிரமிப்பைச் சற்று நிறுத்தியது. "நாம் நிற்கிற இடம் கடல், தெரியுமா?" என்றார்.

உண்மைதான். அந்தப் பட்டணத்தின் தரை 1970களில் தொடங்கி மண் கொட்டித் தூர்த்த தரை. அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடலைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். பீச் ரோடு என்று ஒரு வீதி. பெயரில் மட்டும் கடற்கரை இருக்கிறது. தெலுக் ஆயர் தெருவில், நம் தென்னாட்டிலிருந்து போன முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக 1830 வாக்கில் கட்டி முடித்த தர்கா ஒன்று உண்டு. வங்கக் கடலைத் தாண்டிப் பத்திரமாய் வந்து சேர்ந்தவர்கள் கரையேறியவுடன் கும்பிட்ட இடம். அலை வந்து தொடும் தூரத்தில் இருந்தது. இன்று அதன் வாசலில் நின்று பார்த்தால் தெரிவது பாங்குக் கட்டடங்களின் முதுகு. தர்கா இடம் பெயரவில்லை; கடல் பெயர்ந்துவிட்டது.

அந்தக் கரையில் வேறொரு கதையும் உண்டு. சிங்கப்பூர் ஆறு கடலில் கலக்கும் முகத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதிலே வரி வரியாய்ப் பழைய எழுத்து. 1843ல், முகத்துவாரத்தை அகலப்படுத்தவும் கோட்டை கட்டவும் வேண்டி அந்தப் பாறையை வெள்ளைக்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு அங்குள்ள தேசியக் காட்சிச்சாலையில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்று வரை ஒருவராலும் படிக்க முடியவில்லை. ஏறக்குறைய அதே ஆற்று முகத்தில் 1972ல் சிமெண்டுச் சிங்கத்தைக் கொண்டு வந்து வைத்தார்கள். உல்லாசப் பிரயாண இலாகா 1964ல் தனக்காக வரையச் சொன்ன சின்னம் அது. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பாலம் வந்து சிங்கத்தின் பார்வையை மறைக்கவே, 2002ல் 70 டன் எடையுள்ள சிலையை அப்படியே பெயர்த்து 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

பழைய கல்லை உடைத்த இடத்தில் புதுச் சிங்கம்! கதாசிரியனுக்கு இது போதாதா? ராத்திரி ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஒரு கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தேன். 'பார்வைக்காகக் கட்டிய நகரம். மனிதனை மறந்த நகரம்' என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று. அதிலே யாருக்காக இரங்குவது என்பதுதான் பாக்கி. அதற்கும் ஆள் இருந்தான்.

அவன் எங்கள் தெருப் பையன். பையன் என்கிறேன், இப்போது முப்பத்தெட்டு வயது. 2008ல் வொர்க் பெர்மிட்டில் போனவன். நான் வந்திருப்பது தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் என்னைப் பார்க்க வந்தான். சலவைச் சட்டை, கையிலே ஒரு பை நிறைய பிஸ்கட்டும் தைலமும், ஊருக்குக் கொண்டு போக. ஹோட்டலுக்குள்ளே கூப்பிட்டேன். "வேணாண்ணா, வெளியிலே நிக்கிறேன். நீங்க மெதுவா வாங்க" என்றுவிட்டான்.

தேக்காவில் வாழை இலை போட்டுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்கவும் விடவில்லை. வெயில் தாழ்ந்ததும், "வாங்கண்ணா, நம்ம இடத்தைப் பாத்துட்டு வரலாம்" என்று ரயிலில் கூட்டிக்கொண்டு போனான். அவன் 'நம்ம இடம்' என்று சொன்னது மரீனா பேயை!

அவன் காட்டிய காட்சிகள் வேறு. சிங்கத்தின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. ஹோட்டல் கோபுரங்களைக் காட்டி, "அதோ மூணாவது கட்டடம், அதுலே கம்பி கட்டினேண்ணா. போன புதுசு" என்றான். கரையில் ஓர் ஒதுக்குப்புறத்தைக் காட்டி, மழைக்கு ஒதுங்கி அங்கேதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள் என்றான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் நின்று, "இந்த எடத்துலே நிக்கும்போதுதான் அப்பா போயிட்டாருன்னு போன் வந்தது" என்று சொல்லிவிட்டு, உடனே மேலே நடந்தான். தகப்பனார் காரியத்துக்கு அவன் ஊருக்கு வரவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. அப்போது தெருவிலே, நான் உட்பட, "பிள்ளை வராமல் போய்விட்டானே" என்று பேசிக்கொண்டோம்.

எனக்கு நெஞ்சு கனத்தது. அதோடு, சொல்வதற்கு வெட்கமாய் இருந்தாலும் சொல்கிறேன், என் கட்டுரை நன்றாக அமைந்து வருகிறதே என்ற திருப்தியும் ஒரு பக்கம் இருந்தது. "இவ்வளவு வியர்வை சிந்திக் கட்டியிருக்கிறாய். உச்சிக்குப் போய் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா? வா, இன்றைக்கு நான் டிக்கெட் வாங்குகிறேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "எதுக்குண்ணா? டிக்கெட் இல்லாமயே ஆறு மாசம் அங்க நின்னவன் நானு. அப்ப கைப்பிடிச் சுவர்கூட இல்லே."

நான் விடவில்லை. இந்த ஊர் உன்னைப் போன்றவர்களை வேலை வாங்கிக்கொண்டு மறந்துவிட்டதே என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அவன் முகம் சற்று மாறியது. "எழுதப் போறீங்களாண்ணா? பாவம்னு மட்டும் எழுதாதீங்க. என் பொண்ணு படிக்கும். அவளுக்கு நான் சிங்கப்பூரைக் கட்டினவன்" என்றான். பிறகு அவனாகவே, "கஷ்டம் இல்லேன்னு சொல்லலே. லாரிப் பின்னாலே ஒக்காந்து போறோம். கொரோனா வந்த 2020லே ஹாஸ்டல்லே போட்டு மாசக் கணக்கா அடைச்சு வச்சாங்க. வைத்தியமும் பாத்தாங்க, சோறும் போட்டாங்க. ஆனா அடைச்சு வச்சாங்க. எழுதறதுன்னா ரெண்டையும் எழுதுங்க" என்றான்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என் தாத்தாவின் குரல் கேட்டது.

என் தாத்தா கூலிக்காரர். கிருஷ்ணகிரி அணை கட்டினபோது மண்ணும் கல்லும் சுமந்தவர். 1957ல் காமராஜர் வந்து திறந்து வைத்த அணை அது. தென்பெண்ணையில் தண்ணீர் வந்தால் ஆடிப் பதினெட்டுக்கு எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போவார். ஊரே அங்கேதான் கூடியிருக்கும். வறுத்த மீன் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அணையைக் காட்டி, "இதுலே என் கூடையும் இருக்குடா" என்பார். அவருக்காக ஒருவரும் இரங்கவில்லை. இரங்கியிருந்தால் கையிலிருந்த குச்சியால் அடித்திருப்பார். மந்திரி பெயர் பொறித்த கல்வெட்டைப் பார்த்து அவர் பொறாமைப்பட்டதும் இல்லை. கல்லிலே பெயர் இல்லாவிட்டால் என்ன? கூடை உள்ளேதானே இருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

ஆகவே, பெரிய கட்டடங்களைப் பார்க்கும்போது நமக்கு வருகிற இரண்டு மனோபாவங்களையும் நான் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

ஒன்று, பிரமிப்பு. பிரமிப்பவன் கட்டடத்தைப் பார்க்கிறான், கட்டியவனைப் பார்ப்பதில்லை. 1010ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர் இருக்கிறது. விளக்கேற்ற நெய் கொடுத்தவர்களின் பெயரும் இருக்கிறது. உலகத்தில் வேறெந்த ராஜாவும் இவ்வளவு தாராளமாய்ப் பெயர் எழுதி வைத்தானோ என்னவோ! கல் இழுத்தவன் பெயருக்கு அங்கும் இடமில்லை. சிங்கப்பூரிலேயே புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம் என்று ஒன்று, இதே கரையிலிருந்து நடக்கிற தூரத்தில், 1860களில் கட்டி முடித்தது, இருக்கிறது. உள்சுவர் பளிங்கு போல் மின்னும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு அது. பூசியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கைகளின் ஞாபகம் வரும்?

இரண்டாவது, இரக்கம். பிரமிப்பைவிட இது உசத்தி என்று இதுவரை நம்பியிருந்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்த நம்பிக்கை தொழிலோடு ஒட்டிய வியாதி. சென்னை மரீனாவில் 1959ல் வைத்த உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பாறையைப் பெயர்க்கும் நாலு பேர். தேவி பிரசாத் ராய் சௌதுரி செய்தது. அந்த நாலு பேர் முகத்திலும் இரங்கத்தக்கது ஒன்றுமில்லை. கவனம் முழுவதும் பாறை மேல் இருக்கிறது. அதைப் பார்த்து இரங்குகிறவன் தன்னை ஒரு படி மேலே நிறுத்திக்கொண்டுதான் இரங்குகிறான். இரக்கத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. செலவே கிடையாது! பிரமிக்கிறவனாவது உச்சிக்குப் போக டிக்கெட் வாங்குகிறான். இரங்குகிறவன் கீழே நின்று ஒரு பெருமூச்சு விட்டால் தீர்ந்தது.

பிரமிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை என்றால் பின்னே எதுதான் நியாயம்? அதை அந்தப் பையன்தான் எனக்குச் சொன்னான். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

விளக்குகள் ஏற்றிவிட்டார்கள். குடாவைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டருக்குக் கரையோரமாய் நடைபாதை. கோடீசுவரனும் நடக்கிறான், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓர் ஆயாவும் நடக்கிறாள். எங்களைப் போலவே வந்த நம் ஊர்த் தொழிலாளிகள் படிக்கட்டில் உட்கார்ந்து வீடியோவில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே இருப்பது கடல்போலத் தோன்றினாலும் கடல் இல்லை, நல்ல தண்ணீர். 2008ல் கடல்வாயில் 350 மீட்டர் அகலத்துக்கு ஒன்பது கதவுகளோடு ஓர் அணையைக் கட்டி, கடலை வெளியே நிறுத்தி, குடாவைக் குடிநீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். அந்தத் தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை இங்கே வந்து சேருகிறது.

"இந்தத் தண்ணிதாண்ணா குழாயிலே வருது. நானும் இதைத்தான் குடிக்கிறேன், அதோ மேலே தங்கறானே அவனும் இதைத்தான் குடிக்கிறான்" என்றான். அவன் பேச்சில் இருந்த பெருமை, தாத்தாவின் பெருமையேதான்.

சாக்கடையாய்க் கிடந்த ஆறு அது. 1977ல் தொடங்கி 1987 வரை பத்து வருஷம் சுத்தம் செய்தார்கள். சும்மா ஆகவில்லை. கரையோரக் குடிசைகளைப் பெயர்த்தார்கள். பன்றிப் பண்ணைகளையும் வாத்துப் பண்ணைகளையும் மூடினார்கள். தெருவோரக் கடைக்காரர்களைக் கூடத்துக்குள் அனுப்பினார்கள். சரக்குப் படகுகளை 1983ல் வேறு துறைக்கு ஓட்டினார்கள். இன்று எல்லோருக்கும் திறந்து கிடக்கிற கரை, முதலில் சிலரை எழுப்பிவிட்டுத்தான் திறந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் எழுப்பிவிட்ட இடத்தைச் சுற்றி வேலி போட்டு ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நம் தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாய் நுரை கக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்கு இங்கே புடிச்சது இது ஒண்ணுதாண்ணா. ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூடத் தண்ணி ஓரமா நடக்கலாம். யாரு நீ, எங்க போறேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

நான் தலையாட்டினேன். நல்ல வாக்கியம், குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: "உங்க மாந்தோப்பு இந்த வருசம் காய்ப்பு எப்புடிண்ணா?"

"சுமார்தான்" என்றேன்.

"எங்கம்மா இப்ப மாட்டை ரோட்டைச் சுத்தித்தான் ஏரிக்கு ஓட்டிக்கிட்டுப் போவுது. லாரி போற ரோடு. அதான் பயமா இருக்கு."

அவ்வளவுதான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. மறுபடி விளக்குகளைக் காட்டி வேறு ஏதோ பேசத் தொடங்கிவிட்டான். எனக்கு அதன்பிறகு அவன் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை.

வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்லி விடுகிறேன். அவன் 'உங்க மாந்தோப்பு' என்றானே, அது அவர்களுடைய தோப்பு. ஒன்றரை ஏக்கர். 2008ல் அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்ப ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக அவன் தகப்பனார் விற்றார். வாங்கியவர் என் தகப்பனார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. பத்து நாளில் பணம் கட்டியாக வேண்டியவன் என்ன விலை கேட்பான்? நாங்கள் சொன்ன விலைக்குக் கையெழுத்துப் போட்டார். பத்திரம் சுத்தமான பத்திரம். சட்டம் எங்கள் பக்கம். எங்கள் வீட்டிலே அந்தக் காரியத்துக்கு இன்றைக்கும் பெயர், 'அவர்களுக்குச் செய்த உதவி.'

அந்தத் தோப்பு தெருவுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிறது. அவர்கள் வைத்திருந்த காலமெல்லாம் அதன் ஊடே ஒரு தடம் உண்டு. யார் வேண்டுமானாலும் போவார்கள். மாடு போகும், பிள்ளைகள் குளிக்கப் போவார்கள், நானும் அந்தத் தடத்தில்தான் நீச்சல் கற்கப் போனேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன் என் தம்பி, மாங்காய் களவு போகிறதென்று சுற்றிலும் கம்பி வேலி போட்டுக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டான். செலவில் பாதி நான் கொடுத்தேன்.

ஆக, கடலைத் தூர்த்து எழுப்பிய நகரத்திலே, சூதாட்ட மண்டபத்தின் நிழலிலே, ஒரு கூலிக்காரன் நடுராத்திரியில் தண்ணீர் ஓரமாய்த் தலை நிமிர்ந்து நடக்கிறான். அவனைப் பெற்றவள் அவள் பிறந்து வளர்ந்த ஊரில், தன்னுடையதாயிருந்த தோப்பைச் சுற்றிக்கொண்டு, லாரிக்குப் பயந்து பயந்து மாட்டை ஓட்டிப் போகிறாள். இதிலே 'மனிதனை மறந்த நகரம்' எது என்று நான் எழுதுவது?

அணையில் கூடை சுமந்தவரின் பேரன் போட்ட வேலி அது. அதையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு தலைமுறை மண் சுமந்தால், அடுத்த தலைமுறை எழுத்துப் படித்தால், மூன்றாம் தலைமுறைக்கு வேலி போடும் யோக்கியதை வந்துவிடுகிறது. கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாங்காயைக் காப்பாற்றினால் போதும்!

பெரிய கட்டடத்தின் அடியில் நின்று உலகத்துத் தொழிலாளிகளுக்கெல்லாம் இரங்குவது ஏன் இவ்வளவு சுலபமாயிருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அங்கே குற்றவாளி வேறு யாரோ. கம்பெனி, சர்க்கார், ஏஜெண்டு, காலம், முதலாளித்துவம் என்று கையை நீட்டிக்கொண்டே போகலாம். நீட்டுகிற கை தன் பக்கம் திரும்புவதே இல்லை. உலகத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்று கேட்டால், அதற்குத் தொகை கிடையாது. தொகை இல்லாத கடனை யாரும் கட்டுவதுமில்லை. பக்கத்து வீட்டுக்குப் பட்ட கடனுக்கோ தொகை உண்டு, தேதி உண்டு, சர்வே எண்கூட உண்டு. அதனால்தான் அதை உதவி என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்கிறோம்.

பிரமிப்புக்கும் இரக்கத்துக்கும் அப்பால் இருக்கிற மூன்றாவது மனோபாவம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றைப் பார்த்தால், அதில் நம் பங்கு என்ன என்று கணக்குப் பார்ப்பது. அந்தக் கோபுரம் எழும்ப என் ஊர் மாந்தோப்பு ஒன்று கை மாற வேண்டியிருந்தது. அந்தக் கை மாற்றத்தில் லாபம் அடைந்தவன் நான். அப்படியானால் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த அத்தனை உல்லாசப் பிரயாணிகளிலும், இரங்குவதற்கு உரிமையே இல்லாதவன் ஒருவன் இருந்தானென்றால், அவன் நானே.

ஊர் திரும்பியதும் தம்பியிடம் பேசினேன். "சட்டப்படி வாங்கின சொத்து. இன்றைக்கு அவனுக்காக வழி விட்டால் நாளைக்கு ஊருக்கே வழி விட வேண்டியதுதான்" என்றான். "ஊருக்கே இருந்த வழிதானே?" என்றேன். "மாங்காய் போனால் நீ தருவாயா?" என்றான். கதை எழுதிச் சம்பாதிக்கிறவனிடம் கேட்கக் கூடிய கஷ்டமான கேள்விதான் அது. இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சிங்கப்பூருக்குப் போன் செய்தேன். மனசிலே ஒரு பெரிய தியாகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். "தோப்பில் பாதி என் பங்கு. வாங்கின விலைக்கே உனக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "தோப்பை விடுங்கண்ணா. அப்பா வித்தது வித்ததுதான். நான் வந்தா பாத்துக்கலாம். அந்தத் தடத்தை மட்டும் எங்கம்மாவுக்குத் திறந்து விடுங்க" என்றான்.

நான் தோப்பைக் கொடுக்கத் துணிந்தேன். அவன் கேட்டது நாலடித் தடம். கேட்டதைக் கொடுப்பதைவிடக் கேளாததைக் கொடுப்பதாகச் சொல்லுவதில் நமக்கு எவ்வளவு பெருமிதம் பாருங்கள்! அன்று சாயங்காலமே என் பங்குப் பக்கத்தில் இரண்டு கல் தூணுக்கு நடுவே கம்பியை வெட்டினோம். வெட்டும்போது தம்பியும் வந்து நின்றான். வாய் திறக்கவில்லை. கடைசிக் கம்பியை மட்டும் அவன் பிடித்துக்கொண்டான், என் கையைக் கிழித்துவிடாமல்.

இதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அன்றைய விலைக்கும் நியாய விலைக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கிறது. அவன் வருகிற தைக்கு ஊருக்கு வருகிறான். அப்போது உட்கார்ந்து பேச வேண்டும். கட்டுரை எழுதுகிற வேகம் பத்திரம் எழுதும்போது இருக்குமா என்று எனக்கே பயமாயிருக்கிறது. இதை அச்சிலே எழுதி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாளைக்கு நான் பின்வாங்கினால், படித்தவர்கள் கேட்கலாமல்லவா?

அந்த அம்மாள் இப்போது தடத்தில்தான் மாட்டை ஓட்டிப் போகிறாள். ஆனால் தினமும், வேலி வெட்டிய இடத்துக்கு வந்ததும் நிற்கிறாள். திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்க்கிறாள். இருந்தால், "போவட்டுமாப்பா?" என்று கேட்கிறாள். கேட்க வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அதெப்படிப்பா?" என்கிறாள்.

என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு இனிமேல் இதைத்தான் சொல்லலாமென்று இருக்கிறேன். யாரும் யாரையும் கேட்காமல் தண்ணீர் ஓரமாய் நடந்து போனதைப் பார்த்தேன். அந்த அம்மாள் என் திண்ணைப் பக்கம் திரும்பாமலே ஒரு நாள் ஏரிக்கு நடந்து போவாளானால், அன்றைக்கு எங்கள் ஊரிலும் அதைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வேன்.